பதினொரு மரக்கறியும் எழுதாமல் விட்ட கீரையும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் எங்கள் சங்கத்தின் பின்னறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. ஆனாலும் கூடை கொடுக்கும் நாள் வந்தால் கால் தன்பாட்டில் அங்கே போய்விடுகிறது. என் இடத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் நிரோஜினி தன் கைப்பேசியில் ஒரு புதுச் செயலியைக் காட்டினாள். செடியைப் படம் எடுத்தால் அது என்ன செடி, அதை என்ன செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுமாம். மேசையில் கிடந்த கீரைக் கட்டைப் படம் எடுத்தாள். கைப்பேசி கொஞ்சம் யோசித்தது. பிறகு பிரெஞ்சில் பதில் வந்தது: களை. பூக்கும் முன் வேரோடு அகற்றவும்.

நான் சிரித்த சிரிப்பில் தேநீர் சட்டையில் ஊற்றுப்பட்டது.

"என்னக்கா, அப்பிடி என்ன பகிடி?" என்றாள் நிரோஜினி.

"உது சொன்னதை ஒருக்கா ஒரு ஊரே சேர்ந்து செய்துபோட்டுது, பிள்ளை" என்றேன்.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "எழுதித் தாங்கோ அக்கா, புதுசா வேலைக்கு வாற ஆக்களுக்கு வாசிக்கக் குடுப்பம்" என்றாள். சரி, எழுதுகிறேன். ஆனால் எனக்கு அடக்கமாக எழுத வராது. இது நாங்கள் வென்ற கதை. வென்றதாகவே சொல்லப்போகிறேன். என் பக்கம் நடந்த பிழையையும் மறைக்காமல் சொல்கிறேன், அது இல்லாவிட்டால் கதையே இல்லை.

நான் வேலை பழகிய காலத்தை நீட்டத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். பிறகு லாச்சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் பதினாறு வருடம். விமானத்தில் வந்திறங்கும் பெட்டிகளைத் திறந்து நல்லது, சுமார், எறிய வேண்டியது என்று பிரிப்பது என் வேலை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே வெண்டிக்காய் என்றைக்குப் பிடுங்கியது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஒருநாள் அந்தக் கடைக்கு ஒரு பிரெஞ்சுப் பெண் பெட்டியோடு வந்தார். குள்ளமான உருவம், கம்பளித் தொப்பி, நகங்களுக்குள் மண். பெட்டியில் இருந்தது பாகற்காய். எல்லாம் மஞ்சளாகப் பழுத்து வெடிக்கிற பக்குவத்தில் இருந்தன. முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காயை எடுத்துப் பார்த்தேன், அதன் முள் அப்படியே நிமிர்ந்து நின்றது. பதினாறு வருடமாக நான் பார்த்ததெல்லாம் மூன்று நாள் பயணத்தில் முள் மழுங்கிய காய்கள்.

"பத்து நாளைக்கு முன்னம் பிடுங்கியிருக்க வேணும், மதாம்" என்றேன். இங்கே பிரெஞ்சில் பேசியதையெல்லாம் தமிழிலேயே தருகிறேன்.

"பழுக்காத காயையா சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார்.

"ஓம். பழுத்தால் எறிந்துவிடுவோம்."

பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். ஆனால் சில நாட்களில் மறுபடி வந்தார். இந்த முறை பச்சைக் காய். அவர்தான் மதாம் ஒடீல். அடுத்த வருடமே நான் கடையை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்தேன்.

அவருடைய தோட்டம் பாரிசுக்கு வடக்கே, பிக்கார்டிப் பக்கம், வண்டியில் ஒன்றரை மணித்தியாலத் தூரம். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் இந்தக் கதையைத் தாங்களே சொல்லிச் சிரிப்பார்கள், வேறு ஆள் பெயர் போட்டுச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். நான் முதலில் போனபோது அங்கே இருந்தவை கோதுமை, சீனி எடுக்கிற பீட்ரூட், ஒரு தேவாலயம், அடுப்பு அணைந்து பூட்டிய பாண் கடை, பிள்ளைகள் இல்லாமல் மூடிய பள்ளிக்கூடம். இளம் ஆட்கள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டிருந்தார்கள்.

எங்கள் சங்கத்தின் ஏற்பாடு எளிமையானது. லாச்சப்பல், பொண்டி, திரான்சிப் பக்கத்துக் குடும்பங்கள் ஒரு பருவம் முழுவதற்கும் தோட்டத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும். தோட்டம் என்ன தருகிறதோ அதை வாரம் ஒரு கூடையாக எடுத்துக்கொள்ளும். நிறைய விளைந்தால் கூடை நிறையும். ஆலங்கட்டி மழை பெய்தால் கூடை மெலியும், ஆனால் ஒருவரும் விலகிப் போகக் கூடாது. வருடத்துக்கு இரண்டு ஞாயிறு வந்து மண்ணில் வேலையும் செய்ய வேண்டும். நட்டமும் லாபமும் கமக்காரர் தலையில் மட்டும் விழக் கூடாது என்பதுதான் இதன் உயிர். வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல் என்று மாறி மாறி இறங்கி வேலை செய்து பழகிய சனம் அது.

மதாம் ஒடீலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வாழ்நாளில் அவரைப் போல ஒரு மேலாளர் எனக்குக் கிடைத்ததில்லை. பாராட்டு என்பது அவர் வாயில் வராது. நான் அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு முன்னால் வந்து நிற்பார். மேலே இருக்கிற காயைத் தொடவே மாட்டார். கையை ஓரமாக விட்டு அடியில் இருந்து ஒன்றை உருவி எடுப்பார், முறிப்பார், பச்சையாகக் கடிப்பார், பாகற்காயானாலும் சரி. நல்லதென்றால் ஒன்றும் சொல்லாமல் கொப்பியில் ஒரு சரி அடையாளம் போடுவார். சரியில்லையென்றால் பெட்டியைத் தூக்கி நிலத்தில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். ஒரு வார்த்தை திட்டமாட்டார். முதல் வாரம் என்னுடைய நான்கு பெட்டிகள் நிலத்துக்குப் போயின. பதினாறு வருட அனுபவக்காரி நான், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மேலே இருப்பது அலங்காரம்" என்றார் அன்று மாலை. "குடும்பம் சாப்பிடுவது அடியில் இருப்பதை."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேலை செய்த காலம் முழுக்க நான் பெட்டியை அடியிலிருந்துதான் அடுக்கினேன்.

பிடுங்கும் முறையை அவருக்கும், கைகொடுக்க வரும் ஊர்க்காரர்களுக்கும் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. அதற்காக ஒரு பெரிய தாள் எழுதி பொலித்தீன் கூடாரத்துக் கதவில் ஒட்டினேன். பதினொரு மரக்கறிகள். ஒவ்வொன்றுக்கும் படம், பெயர், எந்த அளவில் பிடுங்க வேண்டும் என்ற குறிப்பு. வெண்டிக்காய்: உங்கள் ஆட்காட்டி விரல் நீளம், நுனியை வளைத்தால் டக்கென்று முறிய வேண்டும், ஒரு நாள் பிந்தினால் கயிறாகிவிடும். பயற்றங்காய்: விதை வெளியே தெரியுமுன். புடலங்காய்: நேராக வளரக் கல் கட்டவும், பிடுங்கும்போது கல்லை மறக்காமல் கழற்றவும். இப்படிப் பதினொன்று. ஒரு கிழமை இருந்து எழுதினேன். அந்தத் தாளை நினைத்து எனக்கு ஒரே பெருமை. ஊர்க்காரர்களும் அதைத் திருமறை போல மதித்தார்கள்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்து நிலம் ஒடீலுக்குச் சொந்தமில்லை. இரண்டு எக்டேரும் மூன்று கூடாரமும் ஊரின் மெறிக்கு, அதாவது ஊராட்சிக்குச் சொந்தம். இரண்டு வருடத்துக்குத் தற்காலிகமாகக் கொடுத்திருந்தார்கள். அது முடிகிற நேரம். இனி ஒன்பது வருடக் குத்தகைக்கு விடுவதென்று மன்றம் தீர்மானித்திருந்தது. கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஒடீல். மற்றவர் முசியே ஜில்பேர், பக்கத்து வயலில் பீட்ரூட் போடுகிற உயரமான, அதிகம் பேசாத மனிதர். அவருக்கு நிலம் கிடைத்தால் தோட்டம் இல்லை, சங்கம் இல்லை, நாற்பது குடும்பத்தின் கூடை இல்லை, என் வேலையும் இல்லை.

மேயர் முன்பு தபால்காரராக இருந்தவர். மனதில் பட்டதைச் சொல்வார். "பாரிசில் நாற்பது குடும்பம் காத்திருக்கிறது என்கிறீர்கள். நான் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை" என்றார். "பார்க்காத ஆட்களை நம்பி ஊர் நிலத்தை ஒன்பது வருடத்துக்குக் கொடுக்க முடியாது. அறுவடை நாளில் அழைத்து வந்து காட்டுங்கள். வியாழக்கிழமை மன்றம் கூடுகிறது."

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நாள் வைத்தோம். லாச்சப்பலிலிருந்து ஒரு பேருந்து பேசினேன். ஐம்பத்தாறு பேர் வருவதாகச் சொன்னார்கள். அங்கேயே அறுத்து, அங்கேயே சமைத்து, மேயருக்கும் போட்டு, அடுத்த பருவத்துக்கு அவர் கண் முன்னால் கையெழுத்து வைப்பதென்று திட்டம்.

ஆனால் அந்த வருடம் யூன் மாதம் குளிர்ந்து போனது. வெண்டி கணுக்கால் உயரத்தில் நின்றது. பாகலும் புடலும் பூவோடு நின்றன. யூலை முதல் கிழமையில் அறுவடைக்குத் தயாராக இருந்தது ஒன்றே ஒன்றுதான், கீரை. ரோட்டோரத்தில் எட்டு நீளப் பாத்தி, முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றது.

அந்தக் கீரையை விதைத்தவர் தவமணி அண்ணை. ரூ லூயி-பிளாங்கில் சமையற்காரர், வீடு திரான்சியில். வன்னியில் பத்து ஏக்கர் செய்த மனிதர். திரான்சியில் தன் வீட்டுப் பின்வளவில் எடுத்த விதையை ஒரு சாம்பல் நிறப் பையில் கொண்டுவந்தார். ஒரு பங்கு விதைக்கு மூன்று பங்கு காய்ந்த மணல் கலந்து, பாத்தியின் தலைப்பில் நின்று, கையை அரைவட்டமாக வீசி வீசி நடந்தார். ஒடீல் திகைத்துப்போய் நின்றார். அவருடைய நாட்டில் பயிர் என்றால் நூல் பிடித்து வரிசையில் விதைப்பது.

"வரிசை எங்கே? வரிசை இல்லாமல் எப்படி?" என்று என்னிடம் கேட்டார்.

மொழிபெயர்த்தேன். தவமணி அண்ணை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "கீரைக்கு என்னத்துக்கு வரிசை? அதென்ன பள்ளிக்குடத்துப் பிள்ளையளே?" என்றார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு லாச்சப்பலில் பேருந்து புறப்பட்டது. கீழே பெட்டி வைக்கிற இடத்தில் தவமணி அண்ணையின் இரண்டு பெரிய சமையல் கிடாரங்கள், அரிசி மூட்டை, பருப்பு, தேங்காய், பச்சை மிளகாய், அகப்பைகள். தாய்மார் யாழ்ப்பாணத்துத் தமிழில் கதைத்தார்கள், பிள்ளைகள் பிரெஞ்சில் எப்போது போய்ச் சேருவோம் என்று நச்சரித்தார்கள். ஒடீல் பெரிய சாலையிலிருந்து பிரிகிற இடத்தில் நின்றார். முந்திய கிழமை ஒரு லொறி அங்கே வழி தவறிப் போயிருந்தது, அதனால் வழிகாட்டத் தானே வந்திருந்தார். பேருந்தில் ஏறிச் சாரதி பக்கத்தில் நின்றுகொண்டார். அன்று கம்பளித் தொப்பி இல்லை, தலையைச் சீவியிருந்தார். அவர் வீட்டை விட்டு வெளியே இருந்தது இரண்டு மணித்தியாலம்கூட இருக்காது.

தோட்டத்து வளைவில் திரும்பினோம். ரோட்டோரம் இருபத்தைந்து, முப்பது ஊர்க்காரர்கள் வரிசையாக நின்றார்கள். தோய்த்த சட்டை, கையில் மண்வெட்டி, முகம் நிறையச் சிரிப்பு. அவர்களுக்குப் பின்னால் எட்டுப் பாத்தியும் மொட்டையாகக் கிடந்தது. ஒரு புல் இல்லை, ஒரு இலை இல்லை, வாரி இழுத்துச் சமன் செய்த கறுப்பு மண். பாத்தி முடிகிற இடத்தில் கீரை முழுவதும் வேரோடு குவிந்து கிடந்தது.

ஒடீல் "இல்லை" என்றார். மெதுவாக, ஒரே ஒரு தரம்.

நான் இறங்கியதும் முதலில் கண்டது ஜில்பேரை. எல்லாருக்கும் முன்னால், எல்லாரையும் விட உயரமாக, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். வேறு என்ன நினைப்பேன்? நேரே போனேன். பிரெஞ்சில் முன்பின் பழகாத பெரிய மனிதரை "நீ" என்று சொல்வது கன்னத்தில் அறைவதற்குச் சமம். நான் சொன்னேன்.

"நீதானே செய்தாய்? நிலம் உனக்கு வேணுமெண்டு வெட்டிக் கொட்டிப்போட்டாய் என்ன? நாலு நாள் பொறுக்க ஏலாமல் போச்சோ உனக்கு?" பாதியிலேயே பிரெஞ்சு போய்த் தமிழ் வந்துவிட்டது. அவருக்கு விளங்க வேண்டியது விளங்கியது. சிரித்துக்கொண்டு நின்ற முகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வாடின.

ஜில்பேர் கோபப்படவில்லை. "காலை ஐந்து மணிக்கு எழுந்தேன், மதாம்" என்றார். "நிலம் எனக்கு வேண்டும், உண்மை. வியாழக்கிழமை அதைக் கேட்பேன். ஆனால் இன்றைக்கு ஊருக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். ரோட்டோரத்திலேயே இப்படிக் களை மண்டிக் கிடந்தால் வெட்கம் ஒடீலுக்கு மட்டுமா? அவர் ஒற்றை ஆள், நேரம் கிடைத்திருக்காது. அவர் போனதும் எல்லாரையும் கூப்பிட்டு வந்தேன்."

பிறகு கூடாரத்துக் கதவைக் காட்டினார். "உங்கள் தாளைப் படித்துவிட்டுத்தான் தொடங்கினோம். அதில் உள்ள பதினொன்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை."

போய்ப் பார்த்தேன், ஏதோ எனக்குத் தெரியாதது போல. வெண்டிக்காய் இருந்தது. பயற்றங்காய் இருந்தது. மிளகாய்க்கு மூன்று வகை எழுதியிருந்தேன். கீரை இல்லை. ஒரு கிழமை இருந்து எழுதியவளுக்குக் கீரையை எழுதத் தோன்றவில்லை. கீரையைத் தெரியாத மனிதர் உலகத்தில் இருப்பார்கள் என்று எனக்குப் படவே இல்லை. அவர்களுக்கோ அந்தச் செடியை நன்றாகத் தெரியும். தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய பீட்ரூட்டை மூடி வளர்ந்து கழுத்தறுக்கிற களை அதுதான், எங்கள் கீரைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். வரிசையில் நின்றிருந்தாலாவது பயிர் என்று சந்தேகப்பட்டிருப்பார்கள். வெட்கத்தில் எனக்கு அந்த மண்ணுக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது.

அப்போதுதான் தவமணி அண்ணை பேருந்திலிருந்து இறங்கினார். நேரே குவியலுக்குப் போய்க் குந்தினார். ஒரு செடியை உருவினார், தண்டை முறித்தார், மணந்து பார்த்தார். அடியில் கையை விட்டு இன்னொன்றை எடுத்தார். ஒடீல் அதைக் கவனித்ததை நான் கவனித்தேன்.

"பிள்ளை, உதிலை நிண்டு என்ன செய்யிறாய்?" என்று கூப்பிட்டார். "வேரோடை கிடக்கு, பனியும் காயேல்லை. தண்ணியிலை போட்டால் எழும்பி நிக்கும். நாங்கள் பிடுங்கத்தானே வந்தனாங்கள்? அவையள் பிடுங்கி வைச்சிருக்கினம். வேலை மிச்சம்!" பிறகு மொட்டைப் பாத்திகளைத் திரும்பிப் பார்த்தார். "எட்டுப் பாத்தியையும் இவ்வளவு கெதியாத் துப்புரவாக்கின சனமோ? வன்னியிலை எனக்கு இப்பிடி ஆக்கள் கிடைக்கேல்லை. உவையளை விட்டுடாதை."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. ஊர்க்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். இது களையல்ல, எங்கள் சாப்பாடு, எங்கள் அறுவடையே இதுதான் என்றேன். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டார். நான் வண்டியிலிருந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு ஜில்பேரிடம் போனேன்.

"மன்னித்துக்கொள்ளுங்கள், முசியே" என்றேன். "நீங்கள்" மறுபடி வந்திருந்தது. "வேரை வெட்டித் தருவீர்களா?"

கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

ஒடீல் சலாது கழுவுகிற நீளத் தொட்டிகளில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினார். கீரையைச் செடியோடு நட்டு வைத்தது போல நிறுத்தினோம். அரை மணித்தியாலத்தில் தலை தூக்கியது. பிறகு வட்டமாக உட்கார்ந்தோம், எங்கள் பெண்கள் ஒருவர் விட்டு ஒருவராக ஊர்க்காரர்களை இடையில் இருத்திக்கொண்டார்கள். வேரடிச் சிவப்பை வெட்டி எறி. தண்டை வளைத்துப் பார். டக்கென்று முறிந்தால் எடு, நார் இழுத்தால் விடு. பூச்சி தின்ற இலையைத் தள்ளு. முதல் தண்ணீரில் மண் போகும், இரண்டாவதில் மணல் போகும், மூன்றாவது தண்ணீர் தெளிவாக நின்றால்தான் கீரை கழுவினதாகக் கணக்கு. ஊர்க்காரர்கள் மூன்றாவது தண்ணீருக்குள் கையை விட்டு அடியைத் தடவிப் பார்த்தார்கள், ஒடீலின் ஊர்தானே அது.

தவமணி அண்ணை கிடாரம் வைத்தார். சோறு, பருப்பு, தேங்காய்ப்பூப் போட்டுக் கீரை வறை, தேங்காய்ப்பாலும் தேசிக்காய்ப் புளியும் விட்டுக் கீரைக்கறி. "அண்ணை, பச்சை மிளகாயைக் கொஞ்சம் குறையுங்கோ" என்றேன்.

"ஏன், அவையளுக்கு நாக்கு இல்லையோ?" என்று கேட்டார். ஆனாலும் குறைத்தார்.

வாசம் ஊருக்குள் போயிருக்க வேண்டும். வராதவர்களும் வரத் தொடங்கினார்கள், ஒருவர் பாற்கட்டியோடு, ஒருவர் ஆப்பிள் கேக்கோடு. சாப்பாட்டுக் கோப்பை போதவில்லை. யாரோ ஓடிப்போய்ப் பள்ளிக்கூடத்துத் திறப்பை வாங்கி வந்து பூட்டைத் திறந்தார்கள். மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்திலிருந்து வாங்குகளும் மேசைகளும் பழைய உணவறைக் கோப்பைகளும் தெருவழியே வந்தன. எங்கள் பிள்ளைகளும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் வாங்குகளைத் தூக்கிக்கொண்டு பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மேயர் வந்தார். நூறு பேருக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முதலில் மொட்டைப் பாத்தியைப் பார்த்தார், பிறகு ஒடீலைப் பார்த்தார்.

"அறுவடை எங்கே?"

ஒடீல் கரண்டியால் ஜில்பேரைக் காட்டினார். "அவருடைய இரண்டாவது கோப்பையில் இருக்கிறது."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜில்பேர் நெற்றியில் வியர்வை, மிளகாய் குறைத்தும் வந்த வியர்வை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நாற்பது வருடமாக இதோடு சண்டை பிடிக்கிறேன். உப்புப் போட்டுப் பார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை."

அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த ஊரில் அதற்கு முன் கேட்டதில்லை. மேயரும் சாப்பிட்டார். வந்த குடும்பங்கள் அவர் கண் முன்னால் கையெழுத்து வைத்தன. ஊர்க்காரர்களில் ஆறு குடும்பமும் வரிசையில் வந்து நின்று கையெழுத்து வைத்தது. அது எங்கள் திட்டத்திலேயே இல்லை.

வியாழக்கிழமை மன்றத்துக்கு நானும் போனேன். பொதுமக்கள் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மேயர் இரண்டு விண்ணப்பத்தையும் வாசித்தார். வாக்கெடுப்புக்கு முன் ஜில்பேர் எழுந்தார்.

"என்னுடையதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்றார். "அந்த நிலத்தில் அந்தச் செடி அளவுக்கு மிஞ்சி முளைக்கிறது. எனக்கு அது தொல்லை, இவர்களுக்குச் சாப்பாடு. யாருக்குக் கொடுப்பது என்று நானே சொல்ல வேண்டுமா?" பிறகு ஒடீல் பக்கம் திரும்பினார். "என் தெற்கு வயலிலும் நிறைய இருக்கிறது. வந்து வெட்டிக்கொண்டு போங்கள்."

இதைவிட ஒரு மனிதர் எவ்வளவு இறங்கி வருவார்? ஒடீல் நன்றி சொல்லி முடிப்பார் என்று நினைத்தேன்.

"வேண்டாம்" என்றார் ஒடீல். "அது மருந்தடித்த நிலம். மூன்று வருடம் மருந்தில்லாமல் வையுங்கள், வருகிறேன்."

எனக்கு அவர் காலில் உதைக்க வேண்டும் போல இருந்தது. வாக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லையே!

"சட்டம் இரண்டு வருடம் என்கிறது" என்றார் ஜில்பேர்.

"சட்டம் இரண்டு என்கிறது. நான் மூன்று என்கிறேன்."

ஜில்பேர் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஆனால் வெளியே போகவில்லை. கைகள் உயரும்வரை வாசலிலேயே நின்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒன்பது வருடக் குத்தகை எங்களுக்கு. அதைப் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

திரும்பும்போது வண்டியில் ஒடீலிடம் சண்டை பிடித்தேன். "மரியாதைக்காவது ஓம் என்று சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"மரியாதைக்கு வாங்கினால் அது பெட்டியின் அடியில்தான் போய்ச் சேரும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

மொட்டையடித்த பாத்தியில் இரண்டரைக் கிழமையில் கீரை மறுபடி மண்ணை மூடியது. அடுத்த பருவம் குடும்பங்கள் இரட்டிப்பாயின. இன்றைக்குச் சங்கம் நான்கு கிராமத்தில் இருக்கிறது. உருளைக்கிழங்கு கிளறும் ஞாயிறுகளில் எங்கள் ஆட்கள் ஊர்க்காரர்களின் வயலுக்கும் போனார்கள். அவர்கள் முறை போட்டு வியாழக்கிழமைகளில் லாச்சப்பலுக்கு வந்து கூடை கட்டினார்கள், கட்டி முடிந்ததும் ரூ லூயி-பிளாங்கில் தவமணி அண்ணை சமைக்கும் கடையில் சாப்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுவார்கள். பள்ளிக்கூடத்து உணவறை எங்கள் பொதி கட்டும் இடமானது, பூட்டிய பாண் கடையும் திறந்தது. ஜில்பேர் மட்டும் ஒடீலோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னைக் கண்டால் டிராக்டரிலிருந்து கையை உயர்த்துவார், அவ்வளவுதான். நானும் அவர் எங்களை மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை சங்கத்துத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"மூன்று வருடமும் ஆறு நாளும் ஆகிறது, மதாம் புவனா" என்றது ஒரு குரல். "பேருந்து எங்கே?"

அந்த ஞாயிறு இரண்டு பேருந்தில் போனோம். ஜில்பேர் தன் தெற்கு வயலின் ஒரு பகுதியைப் பிரித்து, மூன்று வருடமும் ஒரு சொட்டு மருந்தில்லாமல் வைத்து, எங்கள் தோட்டத்துக்கு வந்து போனவர்களிடம் கேட்டுக் கேட்டு விதை வாங்கி வைத்திருந்தார். கையால் வீசி விதைத்திருந்தார், வரிசை கிடையாது. தவமணி அண்ணை பார்த்துவிட்டு, "மணல் காணாது, ஆனால் கை வந்திட்டுது" என்றார். ஒடீல் வரம்பில் நின்ற செடிகளைத் தொடவில்லை. நடு வயலுக்குப் போனார், குனிந்து அடியில் இருந்த ஓர் இலையைப் பிடுங்கினார், மென்றார். ஜில்பேர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார். ஒடீல் ஒன்றும் சொல்லாமல் கொப்பியை எடுத்து ஒரு சரி அடையாளம் போட்டார். அதன் அர்த்தத்தை நான்தான் ஜில்பேருக்குச் சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பேருந்துக்குத் திரும்பும்போதுதான் வயல் வாசலில் அவர் அறைந்திருந்த பலகையைக் கண்டேன். பெரிய எழுத்தில், பிரெஞ்சில்: ஊராருக்கு, தயவுசெய்து எவரும் உதவி செய்ய வராதீர்கள். அதற்குக் கீழே தமிழில் இரண்டே எழுத்து. நான் பெட்டிகளில் ஒட்டும் சீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார், முதலெழுத்தின் சுழி திசை மாறிக் கிடந்தது. ஆனால் எந்தத் தமிழரும் வாசிக்கலாம். கீரை. நான் எழுதாமல் விட்டதை அவர் எழுதி வைத்திருந்தார்.